வாய் மூடும் வைத்தியம்

அத்தியாயம் 14

கீரனூர் விதைக்கடை ஆண்டியப்பனுக்குப் பக்கவாதம் வந்ததும், வலது கையும் பேச்சும் போனதும் ஊருக்கே தெரியும். போகாத ஒன்று உண்டு, அது ஊருக்குத் தெரியாது. அவருடைய இளக்காரம். வெளியே வர வழியில்லாமல் அது நாலு மடங்கு கொழுத்துப்போய், வாடிவாசலுக்குள் அடைத்த காளை மாதிரி மண்டைக்குள் நின்று முட்டிக்கொண்டிருந்தது.

சாதாரண வாயா அது. திருச்சி ரோட்டில் பறக்கிற பஸ்ஸின் ஜன்னல் சீட்டுக்காரனுக்குக்கூட, உளுந்து எப்போது விதைக்கணும், எந்தக் கம்பெனிக்காரன் ஏமாற்றுவான் என்று பஸ் கடைவீதியைத் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிடும். இப்போது திறந்தால் "ப… ப…" என்று ஒற்றை எழுத்து உருளும். அதற்கு மேல் ஒன்றும் முளைக்காது.

உள்ளே மட்டும் எல்லாம் பசுமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் தெரியும். எடுக்கப் போனால் கைக்கு அகப்படாது. இதற்குப் பெயர் அஃபேசியா என்று மகள் சிவரஞ்சனி சொன்னாள். பெயர் வைத்துவிட்டால் போதுமா, சோறு ஊட்டுவது யார் என்று அவர் கேட்க நினைத்தார். கேட்க முடியவில்லை.

பார்க்க வருகிறவர்கள் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்ப்பது போல வந்து நின்றார்கள். "முன்னாடியெல்லாம் எப்படி இருந்திருக்கும்" என்று பெருமூச்சு விட்டார்கள். காபி குடித்துவிட்டுப் போனார்கள். சிலர் அவருக்குக் காது போய்விட்டது என்று நினைத்துக் கத்தினார்கள். சிலர் அவருக்கு மூன்று வயது என்று நினைத்துக் கொஞ்சினார்கள். "மாம்மு சாப்ட்டியளா" என்று போன வாரம் ஒருத்தி கேட்டாள். அவளுக்கு அவர் பத்து வருஷமாக விதை கொடுத்தவர். முளைக்காத விதையாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

இன்றைக்கு விஷயம் முற்றிவிட்டது. காரணம், மச்சினன் ரகுநாத்.

மனைவி ராஜலட்சுமியின் தம்பி ரகுநாத், போன வாரம் வரை அத்தானின் கடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வாரம் அத்தானையும் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டான். காலையிலேயே வாசலில் ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அரிமளத்துக்கு அங்கிட்டு ஒரு வைத்தியரு இருக்காருக்கா. நாக்குக்கு அடியில ஒரு கீறு, பிடரியில ஒரு சூடு. அம்புட்டுத்தேன். அவருகிட்டப் போன ஊமையெல்லாம் இப்ப மைக் செட்டு வாடகைக்கு எடுத்துல்ல பேசுறான்."

ராஜலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணீரில் பாதி நம்பிக்கை, பாதி அவசரம். புருஷனுக்கு வெளுத்த வேட்டி கட்டி, விபூதி பூசி, பவுடர் போட்டு, கிளம்புகிற கோலத்தில் சோபாவில் உட்கார வைத்திருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவருக்கு இவ்வளவு பவுடர் போடவில்லை.

"அப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரு, மாமா. நாக்குக்கு அடியில கீறுனா நிக்காது" என்றாள் சிவரஞ்சனி.

"பச்சிலை வச்சுக் கட்டுவாரு."

"நாக்குக்கு அடியில எங்கிட்டு மாமா கட்டுவாரு?"

ரகுநாத் கொஞ்சம் யோசித்தான். யோசிப்பது அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. உடனே நிறுத்தினான்.

"ஆத்தா, நீ படிச்ச புள்ள. நான் எட்டாவது ஃபெயிலு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். தெனம் திருச்சிக்குப் பஸ்ஸுல போயி பேச்சு வைத்தியத்துக்கு எம்.எஸ்ஸி. படிக்கிற. வீட்டுக்கு வந்து ஒங்கப்பாவுக்குப் பாடம் நடத்துற. அவரு வாயிலேருந்து இதுவரைக்கும் என்ன வந்துருக்கு? கொட்டாவி."

நல்ல அடி என்பதை ஆண்டியப்பன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ரகுநாத்தின் வாயிலிருந்து வந்ததுதான் வயிற்றெரிச்சல்.

ஏனென்றால் மகளின் பாடமும் லேசுப்பட்டதல்ல. அட்டை அட்டையாகப் படம் காட்டுவாள். "இது என்ன சொல்லுங்கப்பா." முதல் அட்டையில் பனிக்கட்டியில் கட்டிய வீடு. அடுத்ததில், உளி மாதிரி பல்லும் துடுப்பு மாதிரி வாலும் வைத்த ஏதோ ஒரு சீமைப் பிராணி. அதற்கடுத்து, ஆள் உயரத்துக்கு ஒரு வில், அதில் நூறு நரம்பு, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி. இந்தச் சனியன்களை அவர் வாய் நன்றாக இருந்த காலத்திலேயே பார்த்ததில்லை. தெரியாததன் பெயரைச் சொல்லவில்லை என்று மகள் பெருக்கல் குறி போடுவாள். நிலக்கடலையைக் காட்டியிருந்தால் அதன் ரகத்தையும் சேர்த்துச் சொல்லத் தவித்திருப்பார். அவள் காட்டவில்லை.

"அதெல்லாம் கெடக்கட்டும், மாமா. அப்பாவுக்கு இஷ்டமான்னு கேட்டீங்களா?"

"கேக்காமலா? நேத்தே தலைய ஆட்டிட்டாரு."

ஆட்டியது உண்மை. காதோரம் கொசு.

"சரி, இப்ப ஒன் முன்னாடியே கேக்குறேன்" என்று ரகுநாத் சோபாவின் எதிரே வந்து நின்றான். "அத்தானே வாயத் தொறந்து 'நான் வரல'ன்னு சொல்லட்டும். வண்டிய இப்பவே திருப்பி அனுப்பிர்றேன். இது நம்ம குலதெய்வத்து மேல சத்தியம். சொல்லுங்கத்தான்."

சொல்லிவிட்டு, ஒரு தும்மல் போடுகிற நேரம் காத்திருந்தான்.

ஆண்டியப்பனுக்குள் 'வரல' என்கிற சொல் எழுந்து, செருப்பை மாட்டி, வாசல்படி வரை வந்துவிட்டது. "ப…" என்றார். இடது கையைத் தூக்கினார். ராஜலட்சுமி சட்டென்று அந்தக் கையைப் பிடித்து மடியில் அமுக்கினாள்.

"பாத்தியா. சம்மதம்" என்றான் ரகுநாத். "ஒங்கப்பா முன்னாடி மாதிரி இருந்தா இந்நேரம் எனக்கு ஒரு சோடாவே வாங்கிக் குடுத்திருப்பாரு."

முன்னாடி மாதிரி இருந்திருந்தால் சோடாவை அல்ல, பாட்டிலைத்தான் கொடுத்திருப்பேன் என்று ஆண்டியப்பன் நினைத்துக்கொண்டார்.

சிவரஞ்சனி மணியைப் பார்த்தாள். "எனக்கு இப்ப செமினார் இருக்கு. அது முடியிற வரைக்கும் யாரும் அப்பாவ எங்கிட்டும் கூட்டிக்கிட்டுப் போகக் கூடாது. மீறிப் போனா நான் வேனுக்கு முன்னாடி படுத்துருவேன்."

"படு. வேன் டிரைவருக்கும் பொழுதுபோகணும்ல" என்றான் ரகுநாத். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அந்த வீட்டில் டவர் கிடைப்பது ஹாலில் மட்டும்தான். ஆகவே செமினாரும் ஹாலில்தான் நடக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, சோபாவுக்கு முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் செல்போனில் அவசரமாக ஒரு மெசேஜ் தட்டினாள். பேராசிரியை மோகனப்ரியா ஏதோ மாநாட்டுக்காகச் சென்னை போயிருந்ததால், இன்றைக்கு வகுப்பு திரையில்.

இந்த செமஸ்டரில் அவளுக்கு ஒரு பாடம். பேச்சு, மொழிச் சிகிச்சையில் இப்போது உலகத்தில் வெளிவருகிற ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒன்றை எடுத்து, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்து, எது தேறும், எது தேறாது என்று சொல்ல வேண்டும். பிறத்தியார் பார்த்த வேலையைக் குற்றம் சொல்லப் பழக்குவதற்கு ஒரு பட்டப்படிப்பு. வீட்டிலேயே இருந்திருந்தால் அவள் அம்மாவிடம் பஸ் காசு இல்லாமல் படித்திருக்கலாம் என்பது ஆண்டியப்பனின் கருத்து.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் வந்தன. நடுவில் மோகனப்ரியா. கண்ணாடி போட்ட, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவு செய்கிற முகம்.

"தமிழ்லயே சொல்லு, சிவரஞ்சனி. நோயாளி வீட்டுக்காரங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லத் தெரியலைன்னா நீ படிச்சது தண்டம்."

இந்த அம்மாள் கொஞ்சம் தேறுவாள் என்று ஆண்டியப்பன் காதைக் கொடுத்தார்.

சிவரஞ்சனி ஆரம்பித்தாள். "நான் எடுத்துக்கிட்ட ஆய்வுல, அஃபேசியா வந்தவங்களுக்கு நேரடியா எந்தப் பயிற்சியும் கொடுக்கல. அவங்க கூட இருக்கிறவங்களுக்குக் கொடுத்துருக்காங்க. கேள்வி கேட்டுட்டு வாய மூடிக் காத்திருக்கணும். அவங்க சொல்ல வர்றத நாம முடிச்சுவைக்கக் கூடாது. பேச்சு வரலைன்னா கையால, படத்தால, எழுதிக் காட்டுனதால, எப்படிச் சொன்னாலும் ஏத்துக்கணும். இந்தப் பயிற்சிக்கு அப்புறம், நோயாளிக்குப் பேச்சு அப்படியேதான் இருந்துச்சு. ஆனா அவங்க என்ன சொல்றாங்கங்கிறது வீட்டுல இருக்கிறவங்களுக்குப் புரிய ஆரம்பிச்சுருக்கு."

ஆண்டியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நோய் அவருக்கு, வைத்தியம் இவர்களுக்கு. வெள்ளைக்காரன் மண்டையில் இவ்வளவு ஈரம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பனிக்கட்டி வீட்டைக் கட்டிய பாவத்தைக்கூட மன்னிக்கலாம் போலிருந்தது.

இதை வைத்துக்கொண்டா இந்தப் பெண் இத்தனை நாளாகச் சீமைப் பிராணியைக் காட்டிக்கொண்டிருந்தாள்?

"ப… ப…" என்றார். இடது கையை மேசைப் பக்கம் நீட்டினார்.

"தண்ணி கேக்குறாரு" என்று ராஜலட்சுமி கையை அமுக்கினாள்.

"இல்லக்கா, பாத்ரூமு" என்றான் ரகுநாத்.

இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் தண்ணீரா பாத்ரூமா என்று வாதாடினார்கள். ஒன்று உள்ளே போவது, ஒன்று வெளியே வருவது. ஆண்டியப்பன் இரண்டுமில்லை என்று கையை உருவப் பார்த்தார். ராஜலட்சுமி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆட்டுக்குட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவள் பிடி.

மேசையில் மகள் கட்டுரையைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள். கலந்துகொண்டவர்கள் குறைவு. கொஞ்ச காலத்துக்கு அப்புறம் என்ன ஆனது என்று பார்க்கவில்லை. முடிவை அளந்தவர்களே பயிற்சியும் கொடுத்தவர்கள். மொத்தத்தில் இதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. திரையின் ஒரு கட்டத்தில் தெரிந்த அவள் முகத்தில் அப்படியொரு ஏளனம். அந்த ஏளனம் யார் வீட்டுச் சொத்து என்று ஆண்டியப்பனுக்குத் தெரியும். பெருமையாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

"எல்லாம் சரி" என்றார் மோகனப்ரியா. "இதையே நீ ஒன் ஊர்ல செஞ்சா எது இடிக்கும்?"

"மொழி இடிக்கும், மேடம். அப்புறம், சில வீடுகள்ல எழுதப் படிக்கத் தெரியாது. அப்புறம்…"

"புத்தகத்துல இருக்கிறதச் சொல்லாத. ஒனக்குப் பின்னாடி பாரு."

சிவரஞ்சனி திரும்பினாள்.

"ஒங்கம்மா எதுக்கு அப்பா கையப் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க? நீ பேச ஆரம்பிச்சதுலேருந்து பாக்குறேன். அவரு தூக்குறாரு, இவங்க அமுக்குறாங்க."

திரையிலிருந்த அத்தனை முகங்களும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு ராஜலட்சுமி முந்தானையைச் சரிசெய்தாள்.

"இடது கைங்க மேடம்" என்றாள், இது கூடவா தெரியாது என்பது போல. "வலது கை விளங்காமப் போச்சுல்லங்களா, அதனால எதுக்கெடுத்தாலும் இடது கைய நீட்டுறாரு. வாரவங்க போறவங்க முன்னாடி மரியாதையா இருக்குமாங்க? ஊருக்குள்ள பெரிய மனுசன். நீங்கவேற டி.வி.யில இருக்கீங்க. அதான்."

"எப்பலேருந்து பிடிக்கிறீங்க?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்துங்க. பக்கத்துல ஆள் இருந்தா விடவே மாட்டேன்" என்று ராஜலட்சுமி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

சிவரஞ்சனியின் முகத்திலிருந்த ஏளனம் தண்ணீர் ஊற்றிய கோலம் மாதிரி கலைந்தது. அப்பாவை அவள் எத்தனையோ தடவை பரிசோதித்திருக்கிறாள், வீடியோ எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் 'நோயாளியிடம் சைகை ஏதும் இல்லை' என்று இவள் எழுதியிருந்தாள். அதற்கு மார்க்கும் வாங்கியிருந்தாள்.

"அம்மா. கைய விடுங்க."

"மேடம் பாக்குறாங்கடி."

"பாக்கட்டும்னுதான் சொல்றேன். விடுங்க."

பிடி தளர்ந்தது.

ஆண்டியப்பன் இடது கையை மெல்லத் தூக்கினார். பல மாதம் தொழுவத்தில் கட்டிக் கிடந்த மாடு, கயிறு அறுந்ததை நம்பாமல் ஓர் அடி வைத்துப் பார்க்குமே, அந்த மாதிரி. மகள் நாற்காலியோடு நகர்ந்து வழிவிட்டாள். அவர் கை நீண்டு, மேசையிலிருந்த கட்டுரைத் தாள்களை அள்ளியது.

தாளைத் தட்டிக் காட்டினார். ராஜலட்சுமியைக் காட்டினார். மறுபடி தாள். ரகுநாத்தைக் காட்டினார்.

"என்னக்கா சொல்றாரு? பேப்பரு கேக்குறாரா?"

"சார், நீங்க கொஞ்சம் இருங்க" என்றார் மோகனப்ரியா.

ஆண்டியப்பன் மூன்றாவது தடவையும் தாளைத் தட்டினார். விரல் சுற்றி வந்து மகளுக்கு நேராக நின்றது.

சிவரஞ்சனி தலையைக் குனிந்தாள். "இந்தப் பயிற்சி எங்களுக்குத்தான் வேணும்ங்கிறாரு, மேடம். எனக்கும் சேர்த்து."

கட்டங்களுக்குள் யாரோ சிரித்தார்கள். மோகனப்ரியா சிரிக்கவில்லை. "இப்ப வேன் வெளிய நிக்கிதுன்னு மெசேஜ் போட்டியே, அதையும் கேளு. அவரையே கேளு."

சிவரஞ்சனி பட அட்டைக் கட்டுக்குள்ளிருந்து இரண்டை உருவினாள். சீமைப் பிராணியைக் குப்புறப் போட்டு அதன் முதுகில் 'வைத்தியர்' என்று பெரிதாக எழுதினாள். பனிக்கட்டி வீட்டின் முதுகில் 'வீடு' என்று எழுதினாள். இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

"நாக்கக் கீறுற வைத்தியர்கிட்டப் போறீங்களா, வீட்டுலயே இருக்கீங்களா? மெதுவாச் சொல்லுங்கப்பா. நாங்க இருக்கோம்."

வாயை மூடினாள்.

வாசலில் வேன் டிரைவர் பல் குத்துகிற சத்தம் கேட்டது. ரகுநாத்துக்குத் தொண்டை அரித்தது. இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் திரையிலிருந்த கண்ணாடி அவனைப் பார்த்தது.

ஆண்டியப்பன் இடது உள்ளங்கையை 'வீடு' மேல் வைத்தார். வைத்ததோடு நிற்கவில்லை. அடுத்த அட்டையைச் சுண்டுவிரலால் தள்ளி மேசையிலிருந்து கீழே விழ வைத்தார்.

"இது செல்லாது" என்று ரகுநாத் எழுந்தான். "இடது கையில குடுத்தா பிச்சைக்காரன்கூட வாங்க மாட்டான். இதப் போயி ஒரு சொல்லுன்னு எடுத்துக்கிறதா? வாயாலன்னுதான் நான் சத்தியம் பண்ணுனேன். அக்கா, நீ சொல்லு."

எல்லாரும் ராஜலட்சுமியைப் பார்த்தார்கள்.

அவள் கீழே கிடந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு புருஷனின் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் அவளுடைய விரல்களின் தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"வண்டிய அனுப்பிரு, தம்பி" என்றாள்.

"அக்கா."

"அவரு வரலைன்னு சொல்லிட்டாருடா. நீ என்ன செவிடா?"

முப்பது வருஷ தாம்பத்தியத்தில் ராஜலட்சுமி சொன்ன ஒன்று உருப்படியாக இருப்பது இது இரண்டாவது தடவை என்று ஆண்டியப்பன் நினைத்தார். முதலாவது எது என்று ஞாபகம் வரவில்லை.

வேன் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. மோகனப்ரியா திரையில் ஏதோ குறித்துக்கொண்டார். "இந்தக் கட்டுரையில இடது கையப் பத்தி ஒரு வரி இருக்கா?"

"இல்ல, மேடம்."

"அவங்களுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒன் ஆய்வுக்குத் தலைப்பு தேடித் திருச்சிக்கும் கீரனூருக்கும் பஸ்ஸுல அலைஞ்சுக்கிட்டிருந்த. அது ஒன் வீட்டு சோபாவுல உக்காந்துருக்கு. அப்பா சம்மதிச்சா எடுத்துக்க. சம்மதத்த அவர்கிட்டக் கேளு, மாமாகிட்டக் கேக்காத."

ரகுநாத்துக்கு அந்தக் கடைசி வாக்கியம் குத்தியது. "நல்ல படிப்பு. கைய ஆட்டுறதுக்கு ஒரு டிகிரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டான். "எனக்கு வேலை கெடக்கு. நான் கடைக்குப் போறேன்."

நிலைப்படியைத் தாண்டப் போனவன், "ப…" என்கிற சத்தம் கேட்டுத் திரும்பினான்.

ஆண்டியப்பனின் இடது கை மறுபடி உயர்ந்திருந்தது. ராஜலட்சுமி பழக்கதோஷத்தில் பிடிக்கப் போய், தன் கையைத் தானே இழுத்துக்கொண்டாள். அவருடைய விரல் நேராக ரகுநாத்தின் இடுப்பை நோக்கி நீண்டிருந்தது. அங்கே வேட்டி மடிப்பில் கடைச் சாவிக்கொத்து தொங்கியது.

"ப…" அவர் தலையை உலுக்கினார். அதல்ல அவர் தேடியது. கண்ணை இடுக்கி, கழுத்து நரம்பு புடைக்க, உள்ளே எங்கோ துழாவினார்.

"சா…"

சாப்பாடு என்று ராஜலட்சுமிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவரஞ்சனி காத்திருந்தாள். திரையிலிருந்த முகங்கள் காத்திருந்தன.

மீதி எழுத்து என்ன என்பது அந்த ஹாலில் ரகுநாத்துக்குத்தான் முதலில் தெரிந்தது. அவன் கை தானாக இடுப்புக் கொத்தை மூடியது. இத்தனை மாதம் அத்தானுக்காக ஊரெல்லாம் பேசிய வாய், அந்த ஒரு எழுத்தை மட்டும் எடுத்துக்கொடுக்காமல் இறுக மூடியிருந்தது.